ரொட்டித் தராசில் ஒரு பிள்ளை

பேக்கரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் யாரும் இல்லை. தராசு என்றுதான் கூப்பிட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் ஒட்டிக்கொண்ட பெயர் அது. பிசைந்த மாவை மேஜையில் போட்டுத் துண்டு துண்டாக வெட்டி எறிவதுதான் அவள் வேலை. பன்னுக்குத் துண்டு ஒன்று அறுபது கிராம். மற்றவர்கள் ஒவ்வொரு துண்டையும் தராசில் வைத்து, கொஞ்சம் கிள்ளி, கொஞ்சம் ஒட்டி, அப்புறம் அடுத்ததற்குப் போவார்கள். அவள் வெட்டுவாள், உள்ளங்கையில் ஒரு தூக்குத் தூக்குவாள், எறிவாள். ஒரு நாள் மாஸ்டருக்குச் சந்தேகம் வந்து, அவள் எறிந்த துண்டுகளில் இருபதைப் பொறுக்கித் தராசில் போட்டுப் பார்த்தார். பதினெட்டு துண்டு சரியாக அறுபது. ஒன்று அறுபத்தொன்று. இன்னொன்று ஐம்பத்தொன்பது.

"நீ என்ன, தராசை முழுங்கிட்டியா?" என்று கேட்டார். அன்று முதல் தராசு.

கல்யாணமும் அங்கேயே வாய்த்தது. மாவு மூட்டை கொண்டுவரும் லாரி டிரைவருக்கு மூட்டை இறக்க இருபது நிமிஷம் போதும். அவன் ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டான். வாராவாரம் எடுத்துக்கொண்டான். "இவனுக்கு ரொட்டி மேல இவ்வளவு ஆசையா, இல்ல வேற ஏதாவதா?" என்று மாஸ்டர் எல்லார் முன்னாலும் கேட்ட பிறகு, வேறு வழியில்லாமல் அவன் விஷயத்தை உடைத்தான். அவளுக்கு அம்மா அப்பா இல்லை. அக்கா ஒருத்தி தொலைவில் இருந்தாள். போனில் சம்மதம் சொன்னாள், போனிலேயே அழுதாள், அவ்வளவுதான்.

சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீடு. அதில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார், மாமனார். ரயிலின் கடைசிப் பெட்டியில் கொடியும் விசிலுமாக முப்பத்துநாலு வருஷம் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்ற கார்டு. மனைவி போன பிறகு மகனைத் தனியாக வளர்த்தவர். தெருவில் எல்லாருக்கும் அவர் கார்டு சார். வீட்டில் மூன்று கடிகாரம் மாட்டியிருந்தார், மூன்றும் ஒரே நிமிஷத்தைக் காட்டும். காலையில் கடைக்குக் கிளம்பும்போதுகூட, "நான் ஆறு நாற்பதுக்குப் புறப்படறேம்மா" என்று சொல்லிவிட்டு, ஆறு முப்பத்தெட்டுக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இரண்டு நிமிஷம் நிற்பார். வந்த புதிதில் அவள் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்துக்கொள்வாள். பிறகு பழகிவிட்டது. மனிதர் தங்கம். அவள் வேலையிலிருந்து வருவதற்குள் பாத்திரம் கழுவி வைத்திருப்பார், கேட்டால், "சும்மாதானே இருந்தேன்" என்பார்.

கல்யாணமான மூன்றாம் வருஷம் அவள் உண்டானாள். ஒன்பதாம் மாதம் வரை மாவு வெட்டினாள். கடைசியில் மாஸ்டர்தான், "உன் வயிறு கைக்கு முன்னாடி மாவை நசுக்குது. போ, வீட்டுக்குப் போ" என்று விரட்டினார். அடுத்த வாரமே பெண் பிறந்தது. மூன்று கிலோ நூறு கிராம். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது எடை போட்டார்கள், இரண்டு கிலோ தொள்ளாயிரம். "முதல்ல கொஞ்சம் இறங்கும், அப்புறம் ஏறிடும். ரெண்டு வாரத்துல பிறந்த எடைக்கு வந்துடணும்" என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். டிரைவர் மகளைத் துணியோடு சேர்த்து வாங்கிக்கொண்டு, "பார்சல் பத்திரமா வந்து சேர்ந்துச்சு" என்றான். பிள்ளைக்குப் பார்சல் என்றே ஆகிவிட்டது. நாலாம் நாள் அவன் லாரிக்குப் போய்விட்டான். போனால் திரும்ப மூன்று நாள், சில சமயம் ஐந்து நாள்.

வீட்டில் இப்போது அவள், பிள்ளை, கார்டு. பால் கொடுக்கும் விஷயத்தில் ஒரு மாமனார் என்ன உதவி செய்ய முடியும்? அவள் மார்பில் பிள்ளையை வைத்தாலே மனிதர் எழுந்து சமையலறைக்குப் போய், கழுவிய டம்ளரையே மறுபடி கழுவுவார். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. ஐந்தாம் நாள் காலை, பெரிய வெள்ளைத்தாளில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, சிவப்பு மையில் ஒரு டைம்டேபிள் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினார். காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து, மறுபடி இரண்டு.

"நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவைம்மா. எங்கேயோ படிச்சிருக்கேன். பிள்ளைக்கும் ஒழுங்கு வரும், உனக்கும் தூக்கம் கிடைக்கும்."

தூக்கம் என்ற சொல்லைக் கேட்டதுமே அவள் தலையாட்டிவிட்டாள். பெற்ற உடம்பு, படுத்தால் போதும் என்றிருந்தது. ஆச்சரியம் என்னவென்றால் பிள்ளை டைம்டேபிளுக்குக் கட்டுப்பட்டது. அழவே இல்லை. துணியில் இறுக்கிச் சுற்றிப் படுக்க வைத்தால் நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் அசையாமல் தூங்கியது. எழுப்பி மார்பில் வைத்தால் ஐந்து நிமிஷம் சப்பிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் மூக்கில் விரலை வைத்தார்கள். "இப்படி ஒரு பிள்ளையா! இருக்கிற இடமே தெரியலையே!" கார்டுக்குப் பெருமை தாங்கவில்லை. "ரயில்வே ரத்தம்" என்றார்.

பதினோராம் நாள் காலை, துணி மாற்ற அவள் பிள்ளையைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது.

ஏறவில்லை.

அவளுக்கு அது யோசித்து வந்த எண்ணமாக இல்லை. வெட்டிய துண்டைத் தூக்கும்போது, சரி, தப்பு என்று கை சொல்லுமே, அந்தச் சொல். ஆஸ்பத்திரியில் கையில் வாங்கிய அதே எடை. ஒரு பொட்டு கூடவில்லை. மறுநாளும் தூக்கிப் பார்த்தாள். அதற்கு மறுநாளும் பார்த்தாள். பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. ஒரு நாளைக்கு நனைவது மூன்றே துணி, அதிலும் மூத்திரம் அடர் மஞ்சளாகக் கறை பிடித்தது. தொடைத் தோல் தொளதொளவென்று, அண்ணன் சட்டையைத் தம்பி போட்டுக்கொண்டதுபோல் இருந்தது. பால் குடித்து முடித்தால் அவள் காம்பு கத்தியால் சரித்துச் சீவினதுபோல் ஒரு பக்கம் சப்பையாகி, தொட்டால் உயிர் போனது. முதல் பிள்ளை என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

போனில் கணவனிடம் சொன்னாள்.

"கையால தூக்கிப் பார்த்தியா? ஏய், அது பிள்ளை, பன் இல்ல. அடுப்புல வெச்சதும் பொசுக்குனு உப்பிடுமா? மெதுவாத்தான் ஏறும்" என்று அவன் சிரித்தான்.

மாமனாரிடம் சொன்னாள்.

"அழுவுதா?"

"இல்ல மாமா."

"வாந்தி, ஜுரம்?"

"இல்ல."

"பின்ன என்னம்மா? பிள்ளை சொன்ன பேச்சு கேக்குதுன்னா அதுக்கும் கவலையா?"

அவளுக்கே சந்தேகம் வந்தது. கை மாவைத் தொட்டு மூன்று வாரமாகிறது. பழக்கம் விட்டுப்போயிருக்கலாம். தூக்கம் கெட்ட மூளை எதையாவது கிளப்பிவிடலாம். அன்று ராத்திரி வரை இப்படியே தன்னையே சமாதானம் பண்ணிக்கொண்டாள். பதினாலாம் நாள் காலை மனசு கேட்கவில்லை. "கொஞ்சம் காத்தாட நடந்துட்டு வரேன் மாமா" என்று சொல்லி, பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிப்படி இறங்கினாள். கால் தானாகப் பேக்கரிக்குப் போனது.

காலை அடுப்பு இறங்கி, ஆட்கள் தேநீர் குடிக்கும் நேரம். தராசு வந்திருக்கிறாள் என்றதும் எல்லாரும் கையைத் துடைத்துக்கொண்டு சூழ்ந்துகொண்டார்கள். கொஞ்ச வந்தவர்களை அவள் கொஞ்ச விடவில்லை.

"மாஸ்டர், பெரிய தராசு காலியா?"

மாஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார். நாலு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரிய தராசின் தட்டை வெந்நீரில் நனைத்த துணியால் மூன்று தடவை துடைத்தார், புதுத் துண்டு ஒன்றைப் பிரித்து விரித்தார், பொத்தானை அழுத்தி எண்ணைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார். சுற்றியிருந்த துணியைக் கழற்றி, மெல்லிய சட்டையோடு பிள்ளையை அவள் படுக்க வைத்தாள். பிள்ளை விழிக்கவில்லை. கடைத் தராசுத் தட்டில், இத்தனை பேர் நடுவில், அது பாட்டுக்குத் தூங்கியது. எண்கள் ஓடி ஓடி நின்றன.

இரண்டு கிலோ எண்ணூற்று எண்பது.

பதினோரு நாளில் ஒரு கிராம் ஏறவில்லை. இருபது கிராம் இறங்கியிருந்தது. ஒரு பன்னில் மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவுதான். கை பொய் சொல்லவில்லை என்பதில் சந்தோஷப்பட அவளால் முடியவில்லை.

"நடந்து போகாதே" என்றார் மாஸ்டர். "நம்ம டெலிவரி வண்டியில ஏறு. தாய்சேய் கிளினிக் வாசல்ல இறக்கிவிடச் சொல்றேன். இப்பவே." வண்டி கிளம்பும்போது ஓடிவந்து, காகிதத்தில் சுற்றிய இரண்டு பன்னை அவள் மடியில் போட்டார். "நீயும் ஏதாவது தின்னு. காலையில ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டே." அவர் சொன்னது உண்மை.

கிளினிக்கில் பிள்ளை எடை பார்க்கும் அறை சின்னது. ஒரு தராசு, ஒரு மேஜை, சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி. நர்ஸ் ஐம்பதை நெருங்கியவர். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதையே அறை முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். அவள் எடுத்துக்கொடுத்தாள். சட்டையையும் கழற்றிப் போட்டதில் இரண்டு கிலோ எண்ணூற்று எழுபது வந்தது.

"பத்து கிராம் சட்டை" என்றாள் அவள். நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார்.

முதலில் டாக்டர் வந்து பிள்ளையைத் தலை முதல் கால் வரை பார்த்தார். கண்ணை விரித்துப் பார்த்தார், வாய்க்குள் விரல் விட்டு நாக்கைத் தூக்கிப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதிக்கச் சொன்னார். நோய் ஒன்றும் இல்லை, பால்தான் போதுமான அளவு உள்ளே போகவில்லை என்றார். மீதியை நர்ஸிடம் விட்டுவிட்டுப் போனார்.

"எத்தனை தடவை குடிக்குது?"

"ஆறு தடவை சிஸ்டர். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை."

"கேட்டு அழுமா?"

"அழவே அழாது. ரொம்ப நல்ல பிள்ளைன்னு எல்லாரும் சொல்றாங்க."

நர்ஸ் பிள்ளையின் கன்னத்தை ஒரு விரலால் தடவினார். "நல்ல பிள்ளைதான். ஆனா இப்ப சோர்ந்துபோன பிள்ளைம்மா. பசி இருக்கு, கேக்கத் தெம்பு இல்ல. சாப்பாடு கம்மியானா பெரியவங்க நாம கத்துவோம். இந்த வயசுப் பிள்ளைங்க சில பேர் தூங்கிடும்."

அவளுக்குக் கண் நிறைந்து வழிந்தது. நர்ஸ் அதைப் பார்க்காததுபோல் தலையணையை எடுத்து நாற்காலியில் போட்டார். "அழறதுக்கு அப்புறம் நேரம் தரேன். இப்ப உக்காந்து குடுங்க, நான் பார்க்கறேன்."

பார்த்தார். பார்த்துவிட்டு, சுண்டு விரலைப் பிள்ளையின் வாயோரத்தில் விட்டு மெல்ல எடுத்துவிட்டார். "நுனியை மட்டும் பிடிச்சு ஒப்பேத்துது. உங்களுக்கு வலி, அதுக்குப் பால் இல்ல. நீங்க குனியாதீங்க. சாஞ்சு உக்காருங்க, பிள்ளையை உங்ககிட்ட கொண்டு வாங்க. மூக்குக்கு நேரா காம்பு. பொறுங்க… பொறுங்க… கொட்டாவி விடற மாதிரி வாயைத் திறக்கட்டும். ம், இப்ப!"

இரண்டு தடவை தவறியது. மூன்றாவது தடவை பிள்ளையின் தாடை மார்பில் நன்றாக அழுந்தியது, கீழுதடு வெளியே மடங்கியது. அவளுக்கு வலிக்கவில்லை. வலிக்காதது முதலில் பயமாக இருந்தது. பிறகு ஒரு சத்தம் கேட்டது. மிகச் சின்னதாக, தொண்டையில் 'க்' என்று. கொஞ்ச நேரத்தில் இன்னொரு 'க்'.

"கேக்குதா? அதுதான் முழுங்கற சத்தம். இதுக்கு முன்னாடி கேட்டிருக்கீங்களா?"

அவள் யோசித்தாள். கேட்டதே இல்லை.

சப்புவது தளர்ந்தபோது மார்பைக் கையால் மெல்ல அழுத்திப் பிடிக்கச் சொன்னார் நர்ஸ். பால் இறங்கியதும் பிள்ளை மறுபடி முழுங்கியது. கண்ணை மூடும்போது துணியை நீக்கி, பாதத்தைத் தேய்த்து, அடுத்த பக்கம் மாற்றிவிட்டார். அரை மணி நேரம் கழித்து மறுபடி தராசில் போட்டார்கள். இரண்டு கிலோ தொள்ளாயிரத்துப் பதினைந்து. நாற்பத்தைந்து கிராம், ஒரே உட்காரலில். அந்த எண்ணைப் பார்த்து அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார்.

இதற்குள் வீட்டில் கார்டு தவித்துப்போயிருந்தார். காற்றாட நடக்கப் போனவள் டைம்டேபிளின் பத்து மணி வண்டியைத் தவறவிட்டுவிட்டாளே! அவள் போன் செய்ததும் இஸ்திரி போட்ட சட்டையோடு ஓடிவந்து அறை வாசலில் மூச்சு வாங்க நின்றார். நர்ஸ் அவரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"ஐயா, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவைங்கறது இந்தப் பிள்ளைக்குப் பத்தாது. ரெண்டு, ரெண்டரை மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுப்பணும். தூங்கினாலும் எழுப்பணும். துணியில இறுக்கிச் சுத்தக் கூடாது, அம்மா நெஞ்சோட போட்டு வெச்சிருக்கணும். பகல்ல குடிச்சு முடிச்சதும் கொஞ்சம் பாலைக் கையால பீச்சி, ஸ்பூனால குடுங்க. ரெண்டு நாள்ல வாங்க, எடை பார்ப்போம்."

"மாவுப்பால் வேணுமா?" என்று அவர் மெல்லக் கேட்டார்.

"இப்ப வேணாம். இவங்ககிட்ட பால் இருக்கு, பிள்ளைக்குத்தான் எடுக்கத் தெரியலை. ஏறலைன்னா அப்ப குடுப்போம். குடுத்தா அதுல ஒண்ணும் குத்தம் இல்ல. பிள்ளை வளரணும், அதான் முக்கியம்."

வீட்டுக்கு வந்ததும் கார்டு நேராகச் சமையலறைக் கதவுக்குப் போய், டைம்டேபிளின் நாலு மூலையையும் நகத்தால் சுரண்டி எடுத்தார். தாளைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"முப்பத்துநாலு வருஷம் ஒரு வண்டியையும் பட்டினி போட்டதில்லைம்மா. வீட்டுப் பிள்ளையைப் போட்டுட்டேன்."

"மாமா, வண்டிக்கு யாராவது சோறு போடுவாங்களா?" அவள் சிரிக்க வைக்கப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை. அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார வைத்தாள். "நீங்க எழுதினீங்க. சரின்னு தலையாட்டினது நான்தானே? எனக்கும் தூங்கச் சௌகரியமா இருந்துச்சு மாமா. நிஜமா சொல்றேன். பிள்ளை தூங்கறப்ப எழுப்பவே எனக்கு மனசு வரலை."

அவர் மருமகளை நிமிர்ந்து பார்த்தார். "துணி எல்லாம் இனிமே நான் துவைக்கறேன்" என்றார். அதுதான் அவர் கேட்ட மன்னிப்பு.

அதற்குப் பிறகு அந்த வீடு இருந்த கோலத்தைச் சொல்லி முடியாது. தூங்கும் பிள்ளையை எழுப்புவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். சட்டையைக் கழற்றினார்கள். உள்ளங்காலைத் தேய்த்தார்கள். ஈரத்துணியால் கன்னத்தைத் தொட்டார்கள். உட்கார வைத்து முதுகைத் தடவினார்கள். பார்சல் ஒரு கண்ணைத் திறந்து, வேறு வேலை இல்லையா என்பதுபோல் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும். ஒரு மதியம் எல்லா வித்தையும் தீர்ந்துபோய் கார்டு, "விசில் எடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"மாமா!"

"சும்மா கேட்டேன்" என்றார். ஆனால் விசில் சட்டைப் பையில் தயாராக இருந்ததை அவள் பார்த்தாள்.

பதினாறாம் நாள் எடை போட்டபோது இரண்டு கிலோ தொள்ளாயிரம். இரண்டு நாளில் முப்பது கிராம். ஒரு நாளைக்கே இருபது, முப்பது ஏற வேண்டும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அவள் முகம் தொங்கிப்போனது. அன்று மாலை லாரியை விட்டுவிட்டு ஓடிவந்த கணவன், கையில் ஒரு மாவுப்பால் டப்பாவோடு நின்றான்.

"ரெண்டு நாளா நீ கண்ணே மூடலைன்னு அப்பா சொல்றார். எதுக்கு இவ்வளவு கஷ்டம்? இதைக் கலக்கிக் குடுத்துடலாம்."

"சிஸ்டர் என்ன சொன்னாங்க தெரியுமா? கீழ போறது நின்னுடுச்சு, இனிமே ஏறும்னாங்க. இன்னும் ரெண்டு நாள் கேட்டாங்க."

"நீ பிடிவாதம் பிடிக்கறே."

"ஆமா, பிடிக்கறேன். ரெண்டு நாளைக்கு மட்டும். அப்புறமும் ஏறலைன்னா நானே கலக்கறேன், உங்க கையால குடுங்க." சொல்லிக்கொண்டிருக்கும்போதே குரல் உடைந்தது. "சிரிச்சீங்கல்ல போன்ல. பன் இல்லன்னு."

அவனுக்குச் சுருக்கென்றது. டப்பாவை அலமாரியின் மேல்தட்டில் வைத்தான். கையைச் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினான். "சரி, ஸ்பூன்ல எப்படிக் குடுக்கறதுன்னு காட்டு."

பன்னிரண்டு சக்கர லாரியைச் சந்தில் பின்னால் எடுப்பவன், ஒரு ஸ்பூன் பாலை ஒரு சின்ன வாயில் சேர்க்க வியர்த்து வழிந்தான். முதல் ஸ்பூன் பிள்ளையின் கழுத்தில் வழிந்தது. இரண்டாவது அவன் சட்டையில். அவள் பாடுபட்டுப் பீச்சிய பால் இப்படி ஊற்றப்படுவதைப் பார்த்து, "ஐயோ, சொட்டு சொட்டா!" என்று கத்தினாள். பத்தாவது ஸ்பூனில் கை வந்துவிட்டது. பிள்ளை நாக்கை நீட்டி நக்கிக் குடித்தது. அவன் மூச்சுக்கூட விடவில்லை. அந்த வாரம் முழுக்க லாரியை வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்தான். அவன் ஸ்பூன் பிடிக்கிற நேரத்தில் அவள் சுவரோரம் சுருண்டு படுத்து, அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள்.

மாடியில் துணிக்கொடி நிறைந்தது. மூன்று துணி ஐந்தானது, ஐந்து எட்டானது. மஞ்சள் கறை மறைந்து, நனைந்ததே தெரியாத வெளுப்பாக இருந்தது. கார்டு ஒவ்வொன்றையும் உதறி, இரண்டு கிளிப் போட்டு, வரிசை பிசகாமல் காயவைத்தார். கீழே சைக்கிள் கடைக்காரர் நிமிர்ந்து பார்த்து, "என்ன கார்டு சார், பச்சைக்கொடி போய் எல்லாம் வெள்ளைக்கொடியா காட்டறீங்க?" என்று கேட்டார்.

"எட்டு! நேத்து ஏழு" என்றார் கார்டு மேலிருந்து. கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஏதோ நல்ல சேதி என்று தலையாட்டினார்.

பதினெட்டாம் நாள் இரண்டு கிலோ தொள்ளாயிரத்து எழுபது. இரண்டு நாளில் எழுபது! நர்ஸ் எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் டிரைவர் மனைவியின் தோளைப் பிடித்துக் குலுக்கிவிட்டான். அலமாரியில் இருந்த டப்பாவை நர்ஸிடமே கொடுத்து, தேவைப்படுகிற வேறு யாருக்காவது தரச் சொன்னார்கள். இருபத்திரண்டாம் நாள் மூன்று கிலோ தொண்ணூற்றைந்து வந்தது. "அஞ்சு கிராம்தான் பாக்கி, விட்டுக்குடுங்க சிஸ்டர்" என்றார் கார்டு. நர்ஸ் விட்டுக்கொடுக்கவில்லை. மறுநாள் சாயங்காலம் மறுபடி வந்து, மூன்று கிலோ நூற்று இருபத்தைந்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மனிதருக்கு நிம்மதி. மாதம் முடியும்போது மூன்று கிலோ முந்நூற்று நாற்பது. ஸ்பூன் அதற்கு முன்பே நின்றுவிட்டது. எழுப்புகிற வேலையும் நின்றது. "இனிமே அதுவே கேக்கும்" என்றார் நர்ஸ்.

கேட்டது. எப்படிக் கேட்டது என்கிறீர்கள்! அதுவரை சேர்த்து வைத்திருந்த அழுகையை எல்லாம் அவிழ்த்துவிட்டது. பேருந்தில் அழுதது, கடையில் அழுதது, பார்க்க வந்தவர்களின் முகத்தைப் பார்த்து அழுதது. இருக்கிற இடமே தெரியலையே என்று சொன்னவர்கள் இப்போது இரண்டு வீடு தள்ளியே, "ஓ, முழிச்சிடுச்சா?" என்றார்கள். இரண்டு மணி நேரம் என்று நினைத்தால் ஒன்றரையில் எழும். ஒன்றரை என்று தயாராக இருந்தால் மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு எல்லாரையும் ஏமாற்றும். கன்னம் இரண்டும் வழிந்து, கழுத்து எங்கே என்று தேட வேண்டியிருந்தது. தொடையில் மடிப்பு விழுந்து, மடிப்புக்குள் பால் போய், குளிப்பாட்டும்போது விரலால் விரித்துத் துடைக்க வேண்டியிருந்தது.

ஏழாம் வாரம் ஒரு மதியம், மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். மாதத்தில் அபூர்வமாக வாய்க்கிற பொழுது அது. ஜன்னல் வழியாக வெயில் தட்டு வரை வந்து கிடந்தது, கீழே யாரோ சைக்கிள் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் இரண்டாவது கவளத்தை எடுக்கும்போது உள்ளறையிலிருந்து வீறிட்ட சத்தம் வந்தது. கணவனும் மாமனாரும் ஒரே நேரத்தில் எழுந்து கதவில் மோதிக்கொண்டார்கள்.

"உக்காருங்க ரெண்டு பேரும்" என்றாள் அவள். கையில் இருந்த கவளத்தை நிதானமாக வாயில் போட்டு மென்று முழுங்கினாள். பிறகு எழுந்து கை கழுவிப் பிள்ளையைத் தூக்கி வந்து, தட்டுக்கு முன்னாலேயே சாய்ந்து உட்கார்ந்து, முந்தானையை இழுத்துவிட்டு, மார்பில் வைத்துக்கொண்டாள். அழுகை பாதியில் நின்றது. கார்டு பழைய வழக்கப்படி எழுந்து சமையலறைக்குப் போனார். ஆனால் டம்ளரைக் கழுவாமல், நிறையத் தண்ணீர் பிடித்து வந்து அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்துவிட்டு, தன் தட்டுக்கு முன்னால் மறுபடி உட்கார்ந்துகொண்டார். மூன்று பேர் சாப்பிட்டார்கள், நான்காவது ஆளும் சாப்பிட்டது. முழுங்குகிற சத்தம் எல்லாருக்கும் கேட்டது.